வாரம் இரண்டு நாள் மட்டும் போக முடிகிற அலாட்மென்டில் பாலிடனல் வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கிலாந்தில் கவுன்சிலிடம் (உள்ளாட்சியிடம்) வாடகைக்கு எடுத்த அலாட்மென்ட், அதாவது காய்கறி வளர்க்கும் சிறு நிலத்துண்டு. வீட்டிலிருந்து காரில் 25 நிமிடம். வேலையும் பிள்ளைகளும் போக வாரத்தில் இரண்டு நாள்தான் போக முடிகிறது, சில வாரம் ஒரே நாள். முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன 6 மீட்டருக்கு 3 மீட்டர் பாலிடனல் (வளைவுச் சட்டத்தின் மேல் பாலித்தீன் போர்த்திய குடில்) ஒன்று அங்கே இருக்கிறது. போன கோடையில் க்ரோபேக்கில் (மண்கலவை நிரப்பிய பிளாஸ்டிக் பையில்) வைத்த தக்காளி கருகிவிட்டது, குடைமிளகாய் பூவெல்லாம் கொட்டிவிட்டது. “டைமர் வைத்துச் சொட்டுநீர் போட்டால் சரியாகிவிடுமா, இல்லை தினமும் போக முடியாதவர்கள் டனலே வைக்கக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருப்பதை இரண்டாம் முறை படித்தபோது, “மழை வரும்போலிருந்ததால் மூடிவிட்டு வந்தேன்” என்று நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. காலையில் திறக்கவும் மாலையில் மூடவும் ஆள் இல்லாத டனலின் கதவை என்ன செய்வது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. தண்ணீர் அதற்கு அடுத்தது. நான் ஒன்பது வருடம் ஒரு நாற்றுப் பண்ணையின் டனல்களுக்குள் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடமாகச் சொந்த அலாட்மென்ட், அதில் நானும் வாரம் இரண்டு நாள் போகிற ஆள்தான். பண்ணையில் கதவைத் திறக்கவே ஒருவர் இருந்தார். சொந்த பிளாட்டில் (அலாட்மென்ட் துண்டில்) அந்த ஒருவர் இல்லை என்ற வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு கோடை ஆயிற்று.

தாராளமாக வைக்கலாம். ஆனால் தினமும் போகிறவர் வைத்திருப்பது போல வைக்க முடியாது. எது கெட்டாலும் ஒரே நாளில் கெடாமல், நான்கைந்து நாள் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கெடும்படி டனலை அமைக்க வேண்டும். அப்படி அமைத்துவிட்டால் அடுத்த முறை போகும்போது பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

முதலில் சூடு. சொந்த டனல் போட்ட முதல் வருடம், ஏப்ரல் நடுவில், இரவில் குளிருமே என்று இரண்டு கதவையும் சாத்திவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போய்க் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த காற்று அடுப்படி வாசலில் நின்றது போல இருந்தது. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானியில் 43 டிகிரி என்று நின்றிருந்தது. வெளியே அந்த வாரம் 17 டிகிரியைத் தாண்டவில்லை. கீரை நாற்றுகள் குழித்தட்டோடு காய்ந்து, தொட்டால் நொறுங்கின. வெயில் அடிக்கும் நாளில் மூடிய டனல் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஆகிவிடும். அதற்குக் கோடை வர வேண்டியதில்லை. தக்காளியில் 32 முதல் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காது. 30 டிகிரிக்கு மேலேயே நின்றால் பழத்தில் சிவப்பு நிறம் உருவாவதும் தடைப்பட்டு, காம்பை ஒட்டிய தோள்பட்டை மஞ்சளாக நிற்கும். குடைமிளகாயும் இதே சூட்டில்தான் பூவை உதிர்க்கும். உங்கள் குடைமிளகாய் பூ உதிர்ந்ததற்குச் சூடுதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். தக்காளி கருகியதில் சூட்டுக்கு எவ்வளவு பங்கு, க்ரோபேக்குக்கு எவ்வளவு பங்கு என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்திருக்கும்.

ஆகவே மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை இரண்டு முனைக் கதவையும் இரவும் பகலும் திறந்தே விட்டுவிடுங்கள். தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது காற்று போக வழி இருக்க வேண்டும் என்பது கண்ணாடிக் குடிலுக்குச் சொல்லும் பழைய கணக்கு. உங்கள் டனல் 18 சதுர மீட்டர், அப்படியானால் 3.6 சதுர மீட்டர் திறப்பு தேவை. சாதாரணக் கதவு இரண்டும் சேர்ந்தால் 3.4 வரும். எதிரெதிரே இருப்பதால் காற்று நேராக ஊடுருவிப் போகும், 6 மீட்டர் நீளத்துக்கு அது போதும். இதுவே 10, 12 மீட்டர் டனலாக இருந்தால் நடுவில் சூடு தங்கிவிடும். பக்கவாட்டுப் பாலித்தீனைச் சுருட்டி ஏற்றும் வசதி வேண்டியிருக்கும். திறந்த வாசலில் மரச்சட்டம் அடித்து வலை போட்டுவிடுங்கள், புறா வராது, நாயும் வராது. வலைக்கண் பெரிதாக இருக்கட்டும். பூச்சி வராமலிருக்க நுண்வலை போடலாமே என்று தோன்றும். போட்டால் காற்றோட்டம் பாதியாகும், தேனீயும் உள்ளே வராது.

இரவில் திறந்து கிடந்தால் குளிராதா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கிலாந்தின் தென்பகுதி இரவுகள் பெரும்பாலும் தக்காளி தாங்கக்கூடியவைதான். கதவைச் சாத்தினாலும் ஒற்றைப் பாலித்தீன் இரவில் தரும் பாதுகாப்பு ஓரிரு டிகிரிக்கு மேல் கிடையாது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு பாலித்தீனைத் தாண்டி வானத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட காலைகளில் வெளியேயும் உள்ளேயும் ஒரே அளவு குளிர் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் மாத ஈர இரவில் மூடி வைப்பது அதைவிடக் கெடுதல். விடிந்ததும் உள்ளே போய்ப் பாருங்கள், கூரையின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து, லேசாகத் தட்டினாலே இலைமேல் கொட்டும். தக்காளியையும் உருளைக்கிழங்கையும் தாக்கும் கருகல் நோய்க்கு (பிளைட்) வேண்டியது அந்த ஈரம்தான். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், 90 சதவீத ஈரப்பதம் தினமும் ஆறு மணி நேரமாவது, இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் ஆபத்து என்பதுதான் 2017 முதல் பிரிட்டனில் உருளைக்கிழங்குக்காரர்கள் பார்க்கும் ஹட்டன் அளவுகோல். டனலில் கருகல் குறைவாக வருவதற்குக் காரணமே இலை நனையாமல் இருப்பதுதான். மூடி வைத்தால் அந்த லாபம் போய்விடும்.

ஏப்ரலும் மே முதல் மூன்று வாரமும்தான் தொல்லை பிடித்த காலம். பகலில் கொதிக்கும், இரவில் உறையும். தினமும் போகிறவர் ஏப்ரல் கடைசியிலேயே தக்காளி நட்டு, காலையில் திறந்து மாலையில் மூடி, ஃபிளீஸ் துணி போர்த்திக் காப்பாற்றிவிடுவார். நாம் அந்தப் போட்டிக்குப் போகக் கூடாது. ஒரு கதவைத் திறந்தே விட்டு, குளிர் தாங்கும் கீரை, முள்ளங்கி, முந்தும் உருளைக்கிழங்கு இவற்றோடு நிறுத்திக்கொண்டு, தக்காளியையும் மிளகாயையும் மே கடைசி வாரத்தில் நடுங்கள். இரண்டு மூன்று வாரம் பிந்தும். சூட்டில் செடியைச் சாகவிட்டு மறுபடி நடுவதைவிட அது மேல்.

தானாகத் திறக்கும் ஜன்னல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மின்சாரம் இல்லாத பிளாட்டுக்கு மெழுகு உருளை வைத்த திறப்பான் நல்ல கருவி. உருளைக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து தண்டைத் தள்ளும், குளிர்ந்தால் ஸ்பிரிங் இழுத்து மூடும். முனைச் சட்டத்தில் கதவுக்கு மேலே ஒரு ஜன்னலோ லூவரோ (சாய்பலகை ஜன்னல்) பொருத்தி அதில் மாட்டலாம். ஆனால் மெழுகு சூடேறப் பதினைந்து இருபது நிமிடமாவது ஆகும். மேகம் விலகிப் பளீரென்று வெயில் வந்தால் சூடு அதற்கு முன்னால் ஏறிவிடும். ஒரு சிறு ஜன்னலால் முழு டனலையும் ஆற்றவும் முடியாது. ஏப்ரல், மே, அக்டோபரில் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் கதவுதான் வேலை செய்யும். உச்சக் கோடையில் மேலே 30, 40 சதவீத நிழல்வலை போட்டால் இன்னும் நிம்மதி. பாலித்தீனுக்கு வெளியே போட வேண்டும், உள்ளே கட்டினால் சூடு ஏற்கனவே உள்ளே வந்திருக்கும். மேகமூட்டமான கோடையில் நிழல்வலையால் விளைச்சல் கொஞ்சம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானதே, அந்த வாரம் வலை போட்டிருந்த என் பாதி டனலில் இலைகள் நிமிர்ந்து நின்றன. போடாத பாதியில் சுருண்டு கிடந்தன. ஒரே ஒரு முறை பார்த்ததுதான், பரிசோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து நான் வலை போடாமல் இருந்ததில்லை.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்போது பலமான காற்று நேராக உள்ளே புகுந்தால் டனலைப் பலூன் போல உப்பவைத்துத் தூக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும், வேலை நாளாக இருந்தாலும் ஒரு நடை போய் இரண்டு கதவையும் இறுக்கி மூடிவிட்டு வாருங்கள், புயல் கடந்ததும் திறந்துவிடுங்கள். கடலோரம், மலைச்சரிவு, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை போன்ற இடங்களில் நான் வளர்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் கதவைத் திறந்தே விடுவது பற்றி அக்கம்பக்கத்து பிளாட்காரர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

இனி தண்ணீர். டைமருக்கு முன்னால் க்ரோபேக்கைத் தூக்கிப் போடுங்கள். கணக்கைப் பாருங்கள். 35 லிட்டர் பையில் இரண்டு தக்காளி என்றால் ஒரு செடிக்கு 17 லிட்டர் கலவை. அதில் வேர் எடுக்கக்கூடிய நீர் நான்கைந்து லிட்டர்தான். ஜூலையில் நன்கு வளர்ந்த செடி ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். பாதி நீர் தீர்ந்ததுமே செடி திணறத் தொடங்கும். அதாவது இரண்டாம் நாளே. அதே செடியைத் தரையில் 50 செ.மீ.க்கு 60 செ.மீ. இடம் விட்டு, 50 செ.மீ. ஆழம் வேர் போகும்படி நட்டால் அதற்கு 150 லிட்டர் மண் கிடைக்கிறது. ஓரளவு நல்ல வண்டல் மண்ணில் அதில் 22 லிட்டர் வரை எடுக்கக்கூடிய நீர் நிற்கும். பாதி என்றாலும் ஏழு நாள். மணற்பாங்கான மண்ணில் இது வெகுவாகக் குறையும், அங்கே மக்கு உரம் நிறையப் போட வேண்டும். எண்கள் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் எங்கே, ஒரு வாரம் எங்கே! எந்த டைமரும் உங்களுக்கு இவ்வளவு அவகாசம் வாங்கித் தராது.

தரையில் நட்டபின் போகும் ஒவ்வொரு நாளும் மேலாகத் தெளிக்காமல், செடிக்கு ஆறேழு லிட்டர் வீதம் நிதானமாக ஊற்றுங்கள். அடிமண் நனைந்தால் வேர் கீழே போகும். மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் மூடாக்கு போடுங்கள். வைக்கோலோ, வாடிய புல்லோ, மக்கு உரமோ எதுவானாலும் சரி. இரண்டு நாள் கழித்து மூடாக்கை விலக்கி விரலைக் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல் ஓட்டில் காய்ந்த பொருக்கு இல்லாமல் விரல் நுனியில் மண் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்த நடை வரை தாங்கும். நீர் காய்வதும் பிறகு திடீரென்று வெள்ளமாக வருவதும் மாறி மாறி நடந்தால் காயின் அடிப்பகுதி கருத்து அழுகும், பழம் வெடிக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லி மருந்து தேடுவார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும், அதைக் காய்க்குக் கொண்டுபோக நீர்தான் சீராக வந்திருக்காது.

இதற்குப் பிறகு சொட்டுநீர் போட்டால் அது உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு. அதை மட்டுமே நம்பிச் செடி நிற்கும்படி வைக்காதீர்கள். அலாட்மென்டில் பெரும்பாலும் பீப்பாயிலிருந்துதான் நீர் எடுக்க வேண்டியிருக்கும். பீப்பாயை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தாலும் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்தான். வீட்டுக் குழாய்க்காகச் செய்த டைமர்களில் பல அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் திறக்காது, அழுத்தத்தைச் சமன்படுத்தும் டிரிப்பரும் (நீர் சொட்டும் முனை) சொட்டாது. பந்து வால்வு உள்ள, பீப்பாய்க்கு ஏற்றது என்று எழுதிய டைமரைப் பார்த்து வாங்குங்கள். வடிகட்டி கட்டாயம். என் டனலில் ஒரு சனிக்கிழமை முதல் ஏழு செடி செழிப்பாக நிற்க, வரிசையின் கடைசி மூன்று மட்டும் தலை தொங்கி நின்றன. டிரிப்பரைக் கழற்றி ஊதினால் பச்சையாகப் பாசி வழுக்கிக்கொண்டு வந்தது. தரையில் இருந்ததால் அந்த மூன்றும் மறுநாள் நிமிர்ந்துவிட்டன, பையில் இருந்திருந்தால் போயிருக்கும். பீப்பாயின் மேல் வெயில் படாமல் மூடி வைத்தால் பாசி வெகுவாகக் குறையும். அளவையும் யோசியுங்கள். உங்கள் டனலில் பாத்தி 12 சதுர மீட்டர் இருந்தால் ஜூலையில் ஒரு நாளைக்கு 40 லிட்டர் அளவுக்குப் போகும். 200 லிட்டர் பீப்பாய் ஐந்து நாள். வெயிலைப் பொறுத்துக் கூடவோ குறையவோ இறைக்கும் சிறிய சூரிய பம்ப் இருக்கிறது; தாழ்ந்த பீப்பாய்க்கு அதுதான் எனக்குப் பிடித்தது.

தளத்துக் குழாயில் நேரடியாக ஹோஸ் மாட்டும் எண்ணம் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள், ஆள் இல்லாமல் ஹோஸ் விடுவதைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. கோடையில் தண்ணீர் நிறுவனம் ஹோஸ்பைப் தடை போட்டால் அது அலாட்மென்டுக்கும் பொருந்தும், மீறினால் 1,000 பவுண்ட் வரை அபராதம். பூவாளியால் ஊற்றலாம். டைமர் வைத்த சொட்டுநீருக்கு நிறுவனங்கள் விலக்குத் தருவதுண்டு. ஆனால் எல்லாத் தடையிலும் தருவதில்லை, ஆகவே அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வளர்ப்பது என்பதிலும் பாதி நிம்மதி இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்தரி இவை வாரம் ஒருமுறை பறித்தாலும் கோபித்துக்கொள்ளாது. கொடித் தக்காளியின் பக்கக் கொழுந்து ஒரு வாரத்தில் விரல் நீளம் வரும், கையாலேயே கிள்ளலாம். புதர் ரகத்துக்கு அதுவும் வேண்டாம். வெள்ளரி அப்படியல்ல. நான்கு நாள் பறிக்காவிட்டால் முற்றி மஞ்சளாகி, கொடி காய்ப்பதையே நிறுத்திக்கொள்ளும். ஆசை இருந்தால் ஒரே ஒரு கொடி வையுங்கள். நாற்றங்காலை மட்டும் டனலில் வைக்கவே வேண்டாம். குழித்தட்டின் ஒரு குழியில் இருக்கும் மண் ஒரு மேசைக்கரண்டி, அது வெயில் நாளில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வீட்டு ஜன்னலோரம் வளர்த்து, வேர் பிடித்த செடியாகக் கொண்டுபோய் நடுங்கள்.

பூச்சியில் நீங்கள் பயப்பட வேண்டியது செஞ்சிலந்தி. 30 டிகிரியில் முட்டையிலிருந்து முட்டை வரை எட்டு நாளில் ஒரு தலைமுறை முடித்துவிடும், 20 டிகிரியில் அதற்கு இரு மடங்கு நாள் எடுக்கும். காற்றோட்டம் இங்கேயும் உதவுவது அதனால்தான். ஒவ்வொரு நடையும் கீழ் இலைகள் நான்கைத் திருப்பி அடிப்புறம் பாருங்கள். ஊசி குத்தியது போல வெளிர்புள்ளியும் மெல்லிய நூலும் தெரிந்தால் அன்றே இலையைக் கிள்ளி அகற்றிவிட்டு, இரைபிடிக்கும் சிலந்தியான ஃபைட்டோசியூலஸை வாங்கி விடுங்கள். கடும் சூட்டிலும் வறட்சியிலும் அது சோர்ந்துபோகும், ஆகவே ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் முதல் அறிகுறியிலேயே விட வேண்டும்.

பக்கத்து பிளாட்டில் தினமும் வருகிற பெரியவர் ஒருவர் எல்லாத் தளத்திலும் இருப்பார். அவரிடம் பேசி வையுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சுமை ஏற்ற வேண்டாம். “புயல் என்றால் கதவைச் சாத்திவிடுங்கள், செடி தலை தொங்கினால் போன் பண்ணுங்கள்” என்ற இரண்டு உதவி போதும். நீங்களும் போகும் நாளில் அவருடைய பீப்பாயை நிரப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, குளிர்காலத்தில் டனலைக் காலியாக விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் போன்றவருக்கு டனல் அதிகம் உதவுவது அப்போதுதான். மிசுனா என்ற ஜப்பானியக் கீரை, கடுகுக்கீரை, பசலை, குளிர்கால லெட்யூஸ் இவற்றுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பத்து நாளுக்கு ஒருமுறை போனாலே போதும், தண்ணீர் அதைவிட அரிதாகத்தான் வேண்டும். ஆனால் ஒளி குறைவதற்குள் செடி ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் வீட்டில் விதைத்து, செப்டம்பர் கடைசியில் தக்காளியை எடுத்த இடத்தில் நடுங்கள். அக்டோபரில் விதைத்தால் முளைத்து, அதே உயரத்தில் பிப்ரவரி வரை அப்படியே நிற்கும்.